பழைய வேட்டை ரைஃபிள் மலிவாகக் கிடைக்கிறது... வாங்கலாமா?

லக்னோவிலோ டேராடூனிலோ வேலை பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்து சீட்டு நண்பர் போனை நீட்டுகிறார். கட்டில்மேல் விரித்த போர்வையில் ஒரு ரைஃபிள் கிடக்கிறது. பழுப்பு நிற மரக்கட்டை, கறுத்த குழல், பக்கவாட்டில் துருத்தி நிற்கும் போல்ட் கைப்பிடி. "எங்க சித்தப்பாவோட 315. அவர் போன வருஷம் தவறிட்டார். வீட்ல யாரும் அதைத் தொடுறதில்லை. உனக்குன்னா ஒரு நல்ல போன் விலைக்குத் தர்றேன், எடுத்துக்கிறியா?"

ஆசை வருவது இயல்புதான். ஊரில் இருக்கும் தோட்டத்தில் காட்டுப்பன்றித் தொல்லை இருக்கலாம். மலைப்பக்கம் நிலம் வாங்கும் யோசனை இருக்கலாம். அல்லது பழைய கேமரா, பழைய புல்லட் மாதிரி இதுவும் ஒரு மோகமாக இருக்கலாம். இரவு யூடியூபைத் திறந்தால் 'பழைய போல்ட்-ஆக்‌ஷன் ரைஃபிள் வாங்குவது எப்படி' என்று வீடியோக்கள் வரிசைகட்டும். பெரும்பாலும் அமெரிக்க வீடியோக்கள். அங்கே இந்தக் கேள்விக்குப் பதில் குழலிலும் போல்ட்டிலும் இருக்கிறது. இந்தியாவில் குழலைப் பார்ப்பது மூன்றாவது வேலை. முதலில் பார்க்க வேண்டியது காகிதம். இரண்டாவது, 'இது எனக்கு எதுக்கு' என்ற கேள்விக்கு ஓர் அரசு அதிகாரி ஏற்றுக்கொள்ளும் பதில்.

ஆனால் நண்பர் காட்டிய பொருள் என்ன என்று தெரிந்தால்தான் மற்ற எல்லாம் புரியும். அதனால் அங்கிருந்தே தொடங்குவோம்.

அது என்ன '315'?

பிரிட்டிஷ் ராணுவம் இந்தியாவில் பயன்படுத்திய தோட்டா .303. அதே தோட்டாவைச் சுடும் துப்பாக்கி பொதுமக்களிடம் இருந்தால், நாளைக்கு ஒரு கிளர்ச்சி வந்தால் ராணுவக் கிடங்கிலிருந்து தோட்டாவைத் திருடினாலே போதும். அரசுக்கு இருந்த பயம் அதுதான். எனவே தனியார் கையில் .303 கூடாது என்றார்கள். துப்பாக்கி நிறுவனங்கள் சளைக்கவில்லை. ஆஸ்திரியாவின் மான்லிச்சர் ரைஃபிள்களுக்கான 8×50 மி.மீ. தோட்டாவை எடுத்து, அதற்கு ஏற்ற வேட்டை ரைஃபிள்களைச் செய்து இந்தியாவில் விற்றார்கள். அந்தத் தோட்டாவுக்கு இந்தியாவில் நிலைத்த பெயர்தான் .315.

பிரிட்டிஷார் போன பிறகும் விதி போகவில்லை. .303 இன்றும் சாதாரண லைசென்ஸில் வாங்க முடியாத 'தடைசெய்யப்பட்ட' வகை. .315 அனுமதிக்கப்பட்ட வகை. மேற்கு வங்கத்தின் இஷாப்பூரில் உள்ள அரசு ரைஃபிள் தொழிற்சாலை இதைச் செய்து வந்தது. அமைப்பு ராணுவத்தின் பழைய லீ-என்ஃபீல்ட் ரைஃபிளை ஒட்டியது. மேகசினில் 5 தோட்டா. ஆயுதத் தொழிற்சாலை வாரியம் 2021 அக்டோபர் 1 முதல் கலைக்கப்பட்டு 7 நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டது. இஷாப்பூர் தொழிற்சாலை இப்போது கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட 'அட்வான்ஸ்டு வெப்பன்ஸ் அண்ட் எக்விப்மென்ட் இந்தியா' நிறுவனத்தின் கீழ் வருகிறது. வட இந்தியாவில் 'பழைய வேட்டைத் துப்பாக்கி' என்று யாராவது பேச்செடுத்தால், அது பெரும்பாலும் இந்த இஷாப்பூர் 315தான். அபூர்வமாக, தாத்தா காலத்து பிஎஸ்ஏ அல்லது மான்லிச்சர். 1980களின் நடுவிலிருந்து தனிநபர்கள் வெளிநாட்டுத் துப்பாக்கியை இறக்குமதி செய்வது ஏறக்குறைய நின்றுவிட்டதால், அவற்றின் விலைக்கும் தரத்துக்கும் சம்பந்தமே இல்லை. பழைய நாணயம் மாதிரிதான் விற்கிறார்கள்.

ஒரு விஷயம் மட்டும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வெளித்தோற்றத்தில் .303க்கும் .315க்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். இரண்டும் ஒரே குடும்பம். 'சும்மா 315னுதான் சொல்லுவாங்க, எல்லாம் ஒண்ணுதான்' என்று யாராவது சொன்னால், அத்தோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். தடைசெய்யப்பட்ட ஆயுதத்தை அனுமதி இல்லாமல் வைத்திருந்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு தண்டனை குறைந்தது 7 ஆண்டு சிறை.

வேட்டை ரைஃபிள் சரி, வேட்டை எங்கே?

இல்லை. அவ்வளவுதான்.

1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது, சில விலங்குகளை லைசென்ஸ் வாங்கி வேட்டையாடும் வழி மிச்சம் இருந்தது. 1991 திருத்தம் அதையும் மூடியது. இன்று பொழுதுபோக்குக்காக ஒரு முயலைச் சுட்டாலும் குற்றம்தான்.

விதிவிலக்குகள் உண்டு. ஆனால் அவை உங்களுக்கானவை அல்ல. மனித உயிருக்கு ஆபத்தான விலங்கைக் கொல்ல மாநிலத் தலைமை வனவிலங்குக் காப்பாளர் எழுத்து மூலம் உத்தரவிடலாம் என்கிறது 11ஆவது பிரிவு. மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் 2018 நவம்பரில் 'அவனி' என்ற பெண்புலி சுடப்பட்டது இந்த வகை உத்தரவின் பேரில்தான். அதுவே நாடு முழுக்கச் சர்ச்சையானது. 62ஆவது பிரிவின்படி மத்திய அரசு ஒரு விலங்கை, ஒரு குறிப்பிட்ட பகுதியில், ஒரு குறிப்பிட்ட காலத்துக்குத் 'தீங்குயிரி' என்று அறிவிக்கலாம். 2016இல் பிகாரின் மொகாமா பகுதியில் 200க்கும் மேற்பட்ட நீலான்கள் சுட்டுக் கொல்லப்பட்டன. சுட்டவர்கள் அரசு வரவழைத்த வெளியூர்த் துப்பாக்கிக்காரர்கள்.

காட்டுப்பன்றிக்கு வருவோம், ஏனென்றால் தமிழ்நாட்டு வாசகர்களில் பலருக்கு நிஜமான தேவை அதுதான். கேரளத்தில் 2022 முதல் உள்ளாட்சித் தலைவர்களுக்கு, தொல்லை தரும் பன்றிகளைச் சுட உத்தரவிடும் அதிகாரம் தரப்பட்டது. லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அந்த உத்தரவின் பேரில் சுடலாம். தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் வந்த அரசாணை, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளைச் சுட இடம் தருகிறது. ஆனால் சுட வேண்டியவர்கள் பயிற்சி பெற்ற வனத்துறையினர், தோட்டக்காரர் அல்ல. அதாவது, பொள்ளாச்சியிலோ கூடலூரிலோ இருக்கும் உங்கள் அப்பாவின் வாழைத்தோட்டத்துக்காக இந்த ரைஃபிளை வாங்கினால், அதை அங்கே பயன்படுத்த முடியாது. மீறிப் பயன்படுத்தினால் பன்றிக்கு ஒரு வழக்கு, துப்பாக்கிக்கு ஒரு வழக்கு.

அப்படியும் 'பயிர்ப் பாதுகாப்புக்கு' என்று காரணம் சொல்லித்தானே பலர் லைசென்ஸ் வாங்குகிறார்கள்? ஆமாம். ஆனால் சட்டம் அந்தக் காரணத்துக்கு எந்தத் துப்பாக்கியை மனதில் வைத்திருக்கிறது என்று பாருங்கள்.

அதிகாரியிடம் என்ன காரணம் எழுதுவீர்கள்?

1959 ஆயுதச் சட்டத்தின் 13ஆவது பிரிவை இரண்டாகப் படிக்க வேண்டும். முதல் பாதியில், சில துப்பாக்கிகளுக்கு லைசென்ஸ் 'தர வேண்டும்' என்கிறது: பாதுகாப்புக்கோ விளையாட்டுக்கோ என்றால், குழல் 20 அங்குலத்துக்குக் குறையாத, உள்ளே வரி இல்லாத சாதாரணத் துப்பாக்கி (நாம் 12 போர் என்கிறோமே, அது), பயிரைக் காக்க, வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கி, ரைஃபிள் கிளப் உறுப்பினருக்குக் குறிபார்த்துச் சுடும் பயிற்சிக்காக.22 ரைஃபிள் அல்லது ஏர் ரைஃபிள். இரண்டாம் பாதியில் மற்ற எல்லாத் துப்பாக்கிகளும் வருகின்றன. அவற்றுக்கு, விண்ணப்பதாரரிடம் 'நல்ல காரணம்' இருப்பதாக அதிகாரி திருப்தி அடைந்தால்தான் லைசென்ஸ்.

நண்பரின் 315 இந்த இரண்டாம் பாதியில் விழுகிறது. ஒலிம்பிக் ரைஃபிள் போட்டிகள் 10 மீட்டர் ஏர் ரைஃபிளிலும் 50 மீட்டர் .22இலும் நடப்பதால், விளையாட்டு என்ற காரணமும் இதற்குச் சுலபமாகப் பொருந்தாது.

வீட்டுப் பாதுகாப்பு? இங்கே சட்டத்தைவிட இயற்பியல் கறாரானது. 12 போர் துப்பாக்கியின் சிறு ரவைகள் சில நூறு மீட்டருக்குள் வேகம் இழந்து விழுந்துவிடும். 315இன் குண்டு ஒரு கிலோமீட்டரைத் தாண்டியும் ஆளைக் கொல்லும். அடுக்குமாடிக் குடியிருப்பில் அதைச் சுட்டால் உங்கள் சுவரோடு நிற்காது. பக்கத்து வீட்டுச் சுவரையும் கேட்க வேண்டும். திருடனுக்குப் பயந்து 315 வாங்குவது, கொசுவுக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது மாதிரிதான்.

லைசென்ஸ் தருபவர் மாவட்ட ஆட்சியர். மாநகரங்களில் காவல் ஆணையர். 21 வயது ஆகியிருக்க வேண்டும். போலீஸ் விசாரணை உண்டு. 2016 ஆயுத விதிகளின்படி பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ், மருத்துவச் சான்று, துப்பாக்கியைப் பத்திரமாக வைப்பேன் என்ற உறுதிமொழி எல்லாம் சேர வேண்டும். எல்லாம் முடிந்த பிறகுதான் வாங்கும் பேச்சு. இதில் நிறையப் பேர் தலைகீழாக நடக்கிறார்கள்: ரைஃபிளுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு லைசென்ஸுக்கு அலைகிறார்கள். லைசென்ஸ் கிடைக்கவில்லை என்றால் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்க உங்களுக்கு ஒரு ரசீதுகூட இருக்காது.

20 மடங்கு வித்தியாசம்

தரவு வேலை பார்ப்பவள் என்பதால் இந்த ஒரு கணக்கை விட மனமில்லை. உள்துறை அமைச்சகத்தின் கணக்குப்படி 2016 டிசம்பர் 31 அன்று நாட்டில் இருந்த துப்பாக்கி லைசென்ஸ்கள் சுமார் 33.69 லட்சம். அதில் உத்தரப்பிரதேசத்தில் மட்டும் 12.77 லட்சம். பத்தில் கிட்டத்தட்ட நான்கு. தமிழ்நாட்டில் 22,532.

2011 மக்கள்தொகையை வைத்து வகுத்துப் பார்த்தேன். உத்தரப்பிரதேசத்தில் ஒரு லட்சம் பேருக்கு சுமார் 640 லைசென்ஸ். தமிழ்நாட்டில் சுமார் 31. இருபது மடங்கு இடைவெளி.

இது ஏன் உங்கள் பர்ஸைப் பாதிக்கும்? லக்னோவில் ரைஃபிள் மலிவாகத் தெரிவதற்குக் காரணம் அங்கே விற்பவர்களும் வாங்குபவர்களும் நிறைய இருப்பதுதான். மூன்று வருடம் கழித்து வேலை மாறி கோயம்புத்தூருக்கு வந்துவிட்டால், அதே ரைஃபிளை விற்க ஆள் தேட வேண்டியிருக்கும். டீலர் கடைகள் குறைவு. 315 கேட்டு வருபவர் அதைவிடக் குறைவு. வாங்கும்போது கிடைத்த தள்ளுபடி, விற்கும்போது வட்டியோடு போய்விடும்.

2019 டிசம்பரில் வந்த திருத்தம் இன்னொரு பக்கத்திலிருந்து அழுத்துகிறது. அதுவரை ஒருவர் 3 துப்பாக்கி வைத்திருக்கலாம். இப்போது 2தான். பரம்பரையாக வருவதும் இந்தக் கணக்கில் சேரும். மூன்றாவதை ஓராண்டுக்குள் ஒப்படைக்கச் சொன்னார்கள். லைசென்ஸின் ஆயுள் 3 ஆண்டிலிருந்து 5 ஆனது நல்ல செய்தி. ஆனால் இரண்டே இரண்டு இடம்தான் என்றபோது, அதில் ஒன்றை எதற்கும் பயன்படாத ஒரு ரைஃபிளுக்குக் கொடுப்பதா என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

அந்தக் கட்டில்மேல் கிடந்த ரைஃபிள் யாருடையது?

இப்போது நண்பரின் போட்டோவுக்குத் திரும்புவோம். சித்தப்பா போன வருடமே இறந்துவிட்டார். ரைஃபிள் இன்னும் வீட்டில், கட்டில்மேல் இருக்கிறது. லைசென்ஸ் யார் பெயரில்?

லைசென்ஸ் என்பது ஆளுக்குத் தரப்படுவது. துப்பாக்கிக்கோ குடும்பத்துக்கோ அல்ல. அவர் இறந்ததும் அந்த அனுமதி முடிந்துவிடுகிறது. ஆயுதச் சட்டத்தின் 21ஆவது பிரிவு சொல்வது இதுதான்: வைத்திருக்கும் உரிமை எந்தக் காரணத்தால் போனாலும், தாமதிக்காமல் அருகில் உள்ள காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற டீலரிடமோ துப்பாக்கியை ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்த பிறகு வாரிசுகளுக்கு இரண்டு வழி உண்டு. தங்கள் பெயரில் லைசென்ஸ் வாங்கித் திரும்பப் பெறலாம். அல்லது சட்டப்படி வைத்திருக்கத் தகுதி உள்ள ஒருவருக்கு விற்றுப் பணத்தை எடுத்துக்கொள்ளலாம். குறிப்பிட்ட கெடு தாண்டினால் துப்பாக்கி அரசுக்குப் போய்விடும்.

ஆக, நண்பர் வீட்டார் டீலரிடம் ஒப்படைத்த ரசீது வைத்திருந்தால் அவர்களிடம் வாங்குவது சுத்தமான வியாபாரம். அப்படி இல்லாமல், துப்பாக்கி பீரோவில் கிடந்தபடியே ஒரு வருடம் ஓடியிருந்தால், அவர்கள் தெரியாமலேயே லைசென்ஸ் இல்லாத ஆயுதத்தை வைத்திருக்கிறார்கள். 2019க்குப் பிறகு அதற்கு 2 முதல் 5 ஆண்டு சிறை. அந்த ரைஃபிளை நீங்கள் உங்கள் காரில் ஏற்றிக்கொண்ட நொடியில் அந்தப் பிரச்சினை உங்களுடையது.

வாரிசு விதியைப் பற்றி உங்கள் வீட்டிலும் தெரிந்துவைத்திருப்பது நல்லது. தாத்தாவிடமோ பெரியப்பாவிடமோ லைசென்ஸ் துப்பாக்கி இருந்தால், அவர் இறக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அவருக்கு 70 வயது ஆகியிருந்தாலோ, அந்தத் துப்பாக்கியை அவர் 25 ஆண்டு வைத்திருந்தாலோ, அவர் உயிரோடு இருக்கும்போதே வாரிசு தன் பெயரில் லைசென்ஸ் கேட்டு விண்ணப்பிக்கலாம். இது 2016 விதிகளில் இருக்கிறது. பல குடும்பங்களுக்குத் தெரியாமல், பழைய துப்பாக்கி சாவு வீட்டுக் குழப்பத்தில் மாட்டிக்கொள்கிறது.

உயிரோடு இருக்கும் லைசென்ஸ்தாரரிடம் நேரடியாக வாங்கலாமா என்றால், வாங்கலாம். அவர் தன் சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்ததை விற்க வியாபார லைசென்ஸ் தேவையில்லை. ஆனால் யாருக்கு விற்கப் போகிறார் என்று உங்கள் பெயர், முகவரியோடு மாவட்ட ஆட்சியருக்கோ காவல் நிலையத்துக்கோ எழுதிக் கொடுத்து, 45 நாள் கழிய வேண்டும். 'நாளைக்கே எடுத்துட்டுப் போயிடுங்க' என்று அவசரப்படுத்தும் ஆள் ஒன்று விதி தெரியாதவர், அல்லது தெரிந்தவர்.

இன்னும் ஒன்று: துப்பாக்கியில் பொறித்த வரிசை எண்ணும் லைசென்ஸில் உள்ள எண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். எண் தேய்ந்திருந்தால், ராவியிருந்தால், மேலே பெயின்ட் அடித்திருந்தால் விலை எதுவானாலும் வேண்டாம். எண்ணை அழிப்பது தனிக் குற்றம். குழலை வெட்டிக் குட்டையாக்குவதும் அப்படித்தான்.

இப்போது குழலைப் பார்க்கலாம்

காகிதம் சரி, காரணமும் சரி என்று வைத்துக்கொள்வோம். இனிதான் யூடியூப் வீடியோக்களின் வேலை. டீலர் கடையில், பகல் வெளிச்சத்தில், துப்பாக்கி காலியாக இருப்பதை நீங்களே கண்ணால் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். மேகசினைக் கழற்றி, போல்ட்டைப் பின்னுக்கு இழுத்து, அறைக்குள் விரல் விட்டுப் பாருங்கள். 'அதெல்லாம் காலிதான் சார்' என்ற வார்த்தையை நம்பி நடந்த விபத்துகள் ஏராளம்.

போல்ட்டை முழுதாக உருவி எடுத்துவிட்டு, பின்பக்கத்திலிருந்து குழல் வழியாக ஜன்னல் வெளிச்சத்தைப் பாருங்கள். உள்ளே சுழன்று போகும் வரிகள் கூர்மையாக, பளிச்சென்று தெரிய வேண்டும். பழைய தோட்டாக்களின் ப்ரைமர், சுட்ட பிறகு உள்ளே ஒரு வகை உப்பை விட்டுவிட்டுப் போகும். அது காற்றின் ஈரத்தை இழுத்துத் துருவைக் கிளப்பும். சுட்ட அன்றே துடைக்காமல் வைத்திருந்தால், தோட்டா உட்காரும் இடத்துக்குச் சற்று முன்னால் குழலுக்குள் அம்மைத் தழும்பு மாதிரி குழிகள் இருக்கும். லேசான தழும்போடு ஒரு ரைஃபிள் ஓரளவு சரியாகச் சுடும். வரிகளே கரைந்துபோயிருந்தால் அது வெறும் இரும்புக் குழாய். குழலின் நடுவில் ஓரிடத்தில் கறுப்பு வளையம் தெரிந்தால், ஏதோ அடைப்போடு ஒரு முறை சுட்டிருக்கிறார்கள், அந்த இடம் வீங்கியிருக்கிறது என்று பொருள். வெளியே கட்டைவிரலை ஓட்டினால் சில நேரம் கையிலேயே தெரியும். அதை வாங்க வேண்டாம். குழலின் வாய் விளிம்பில் அடிபட்ட நசுங்கல் இருந்தால், உள்ளே எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் குண்டு கோணலாகப் போகும்.

வெளியே கன்னங்கரேலென்று புதுசு மாதிரி மின்னினால் சந்தோஷப்படாதீர்கள். 50 வருட ரைஃபிளில் பூச்சு கை படும் இடங்களில் தேய்ந்திருப்பதுதான் இயல்பு. புதுப் பூச்சுக்குக் கீழே துருக்குழிகளையும் ராவிய எண்ணையும் மறைப்பது சுலபம்.

உயிருக்கே ஆபத்தான விஷயம் 'ஹெட்ஸ்பேஸ்'. போல்ட்டை மூடியதும், அதன் முகத்துக்கும் குழலுக்கும் இடையில் தோட்டாவின் அடி விளிம்பு உட்கார ஒரு துல்லியமான இடைவெளி இருக்கும். தேய்மானத்தால் அது கூடினால், சுடும்போது பித்தளைக் கூடு பின்னுக்கு நீண்டு, அடியில் கிழிந்து, சூடான வாயு உங்கள் முகத்துக்குத் திரும்பும். லீ-என்ஃபீல்ட் வகையில் போல்ட்டின் தலை தனியாகத் திருகிக் கழற்றக்கூடிய துண்டு. ஒரு துப்பாக்கியின் போல்ட்டை இன்னொன்றில் மாட்டி வைப்பது பட்டறைகளில் சர்வசாதாரணமாக நடக்கும். உள்ளே நுழையும், மூடும், சுடவும் செய்யும். இடைவெளி மட்டும் தப்பாக இருக்கும். ஆகவே போல்ட்டில் இருக்கும் எண்ணும் உடலில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். ஒன்றாக இருந்தாலும், கேஜ் வைத்திருக்கும் ஒரு நல்ல கன்ஸ்மித்திடம் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். அளக்க மாட்டேன் என்று டீலர் சொன்னால், அடுத்த கடை.

மரக்கட்டையில், கை பிடிக்கும் ஒடுங்கிய கழுத்துப் பகுதியில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று நகத்தை ஓட்டிப் பாருங்கள். சேஃப்டியைப் போட்டுவிட்டு ட்ரிக்கரை இழுங்கள். ஒன்றும் நடக்கக் கூடாது. ட்ரிக்கரை விட்டுவிட்டு, இப்போது சேஃப்டியை மட்டும் எடுங்கள். அப்போதும் ஒன்றும் நடக்கக் கூடாது. 'டக்' என்று விழுந்தால் உள்ளே தேய்ந்திருக்கிறது. மேகசினுக்கு டம்மி தோட்டா கேளுங்கள். 315 தோட்டாவின் அடியில் விளிம்பு உண்டு. மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் இருந்தால்தான் தடையில்லாமல் நகரும். மேகசினின் உதடுகள் நசுங்கியிருந்தால் இரண்டாவது தோட்டாவிலேயே சிக்கிக்கொள்ளும். டெலஸ்கோப் மாட்டுவதற்காக லோக்கல் பட்டறையில் உடலில் ஓட்டை போட்டிருந்தால் எனக்கு அந்த ரைஃபிள் மீது நம்பிக்கை வராது.

சுட்டுப் பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது. ஆனால் அது அங்கீகரிக்கப்பட்ட ரேஞ்சில் மட்டும்தான். சாதாரண இரும்புக் குறியோடு, 100 மீட்டரில் ஐந்து குண்டுகளும் விரித்த உள்ளங்கை அளவுக்குள் விழுந்தால் அந்த வயதுக்கு அது நல்ல ரைஃபிள்.

தோட்டாவுக்கு எங்கே போவீர்கள்?

315 தோட்டா நடைமுறையில் இந்தியாவில் மட்டும் உயிரோடு இருக்கும் ஒரு ரகம். புனே அருகே கடக்கியில் உள்ள அரசு வெடிமருந்துத் தொழிற்சாலை செய்கிறது. 2021 பிரிவினைக்குப் பிறகு அது 'மியூனிஷன்ஸ் இந்தியா' நிறுவனத்தின் கீழ். கடைக்கு வரும்போது வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். லைசென்ஸில் எழுதியிருக்கும் எண்ணிக்கைக்கு மேல் கிடையாது. ஒவ்வொரு தோட்டாவும் லைசென்ஸ் புத்தகத்தில் பதிவாகும். துப்பாக்கியோடு 'ஃப்ரீயா' தருவதாகச் சொல்லும் பழைய டப்பாவை வாங்காதீர்கள். உங்கள் புத்தகத்தில் ஏறாத தோட்டா ஒன்று வீட்டில் இருந்தாலும் அது வழக்குதான். பழைய மருந்து எப்படி எரியும் என்று யாராலும் உத்தரவாதம் தரவும் முடியாது.

வாங்கிய பிறகு என்ன ஆகும்?

தேர்தல் அறிவிப்பு வந்தால் மாவட்டத்தில் ஒரு குழு உட்கார்ந்து, யார் யார் துப்பாக்கியை ஒப்படைக்க வேண்டும் என்று பார்க்கும். எல்லோரும் கண்மூடித்தனமாக ஒப்படைக்கத் தேவையில்லை என்று உயர் நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. நடைமுறையில் ஸ்டேஷனிலிருந்து போன் வந்தால் நீங்கள் ரைஃபிளைத் தூக்கிக்கொண்டு போகத்தான் செய்வீர்கள். லோக்சபா, சட்டசபை, உள்ளாட்சி என்று ஐந்து வருடத்தில் எத்தனை முறை என்று எண்ணிக்கொள்ளுங்கள். வேலை மாறி ஊர் மாறினால் புதிய ஊரின் அதிகாரிக்குத் தெரிவித்துப் பதிவு செய்ய வேண்டும். உங்கள் லைசென்ஸ் எந்த மாநிலம்வரை செல்லும் என்பது அதிலேயே எழுதியிருக்கும். அந்த எல்லைக்கு வெளியே துப்பாக்கியோடு போக முடியாது. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை நகரம் மாறும் ஐடி வாழ்க்கைக்கு இது ஒரு வளர்ப்பு யானை மாதிரி.

புதுப்பிக்க மறந்தால்? 1998 ஜோத்பூர் மான் வேட்டை விவகாரத்தில் நடிகர் சல்மான் கான் மீது ஒரு தனி ஆயுத வழக்கும் இருந்தது. லைசென்ஸ் காலாவதியான துப்பாக்கிகளை வைத்திருந்தார், பயன்படுத்தினார் என்பது குற்றச்சாட்டு. 2017 ஜனவரியில்தான் ஜோத்பூர் நீதிமன்றம் அவரை அந்த வழக்கிலிருந்து விடுவித்தது. விடுதலைதான், ஆனால் 18 வருடம் கழித்து. அவருக்கு இருந்த வக்கீல்கள் நமக்கு இல்லை.

வீட்டில் குழந்தைகள் இருந்தால், ரைஃபிள் ஒரு பூட்டிலும், போல்ட் வேறொரு பூட்டிலும், தோட்டா மூன்றாவது இடத்திலும் இருக்க வேண்டும். போல்ட்டைத் தனியாக உருவ முடிவது இந்த வகைத் துப்பாக்கியின் உண்மையான நல்ல அம்சம். அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

அப்போ யார்தான் வாங்கலாம்?

என் கணக்கில் இரண்டு பேருக்கு இது அர்த்தமுள்ளது. ஒருவர், கேரளம் போல உத்தரவின் பேரில் பன்றி சுட அனுமதி உள்ள பகுதியில் நிரந்தரமாக வசித்து, ஏற்கெனவே லைசென்ஸும் பழக்கமும் இருப்பவர். இன்னொருவர், தன் குடும்பத் துப்பாக்கியை வாரிசாகப் பெறுபவர். அவருக்கு விலை என்ற கேள்வியே இல்லை, பராமரிப்புதான். குடகுக்காரர் உங்கள் டீமில் இருந்தால் அவரோடு ஒப்பிட வேண்டாம். குடவர்களுக்கும் அங்குள்ள ஜம்மா நில உரிமையாளர்களுக்கும் ஆயுத லைசென்ஸிலிருந்தே 2029 வரை விலக்கு இருக்கிறது. அந்தச் சலுகை பக்கத்து மேசைக்குத் தொற்றாது.

சுடுவதில் ஆர்வம் என்றால் உங்கள் ஊர் ரைஃபிள் கிளப்பில் சேருங்கள். ஒரு வருடம் கிளப்பின் ஏர் ரைஃபிளைப் பிடித்துப் பாருங்கள். அந்த ஆர்வம் அப்போதும் மிச்சம் இருந்தால் .22க்கு விண்ணப்பிக்க, சட்டத்தின் முதல் பாதியே உங்களுக்குக் கதவு திறந்து வைத்திருக்கிறது.

லக்னோ நண்பருக்கு என்ன பதில் அனுப்புவது? விலையைப் பேசாதீர்கள். மூன்று படங்கள் கேளுங்கள்: சித்தப்பாவின் லைசென்ஸ் பக்கம், டீலரிடமோ ஸ்டேஷனிலோ ஒப்படைத்த ரசீது, ரைஃபிளில் பொறித்த எண். மூன்றும் வந்து, எண்கள் ஒத்துப்போனால், அந்த வார இறுதியில் டீலர் கடைக்கு ஒரு நடை போய் குழலைப் பார்க்கலாம். ரசீது இல்லை என்று சொன்னால், நீங்கள் வாங்காவிட்டாலும் பரவாயில்லை, அவர் வீட்டாரை நாளைக்கே ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டு ரைஃபிளை ஒப்படைக்கச் சொல்லுங்கள்.